கிடையிலிருந்து கோடியக்கரை வரை: புல்லும் சீமைக்கருவையும்

ஏப்ரல் 26, மன்னார்குடிக்குத் தெற்கே

கத்திரி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள்ளேயே காலை ஒன்பது மணிக்கு வரப்பில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. சம்பா அறுத்தாயிற்று, தாளுக்குள் தெளித்த உளுந்தையும் பிடுங்கியாயிற்று. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்வரை இந்த மண் ஆடுகளுக்கு உரியது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு நடந்தே வந்த கீதாரிகள் என்னும் மேய்ப்பர்கள், வயலுக்கு எரு சேர இரவில் ஆடுகளை அடைத்துவைக்கும் கிடையைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போட்டிருக்கிறார்கள்.

“வாங்க அப்பு, வெயில்ல நிக்காதீக” என்று ஒரு பெரியவர் கூடாப்பு என்னும் தற்காலிகக் குடிலின் நிழலைக் காட்டினார். எந்த ஊர், என்ன வேலை என்ற விசாரிப்பெல்லாம் நீராகாரமும் மோர் மிளகாயும் கொடுத்த பிறகுதான்.

கிடைக்கூலி ஓர் ஆட்டுக்கு ஓர் இரவுக்கு இரண்டு ரூபாய் என்று பேசியிருந்தார்கள். அதோடு காவலுக்கு இருப்பவர்களுக்கு அரிசி. ஏக்கருக்கு ஆயிரம் ஆடு இரண்டு இரவு என்பது கணக்கு. ஆடுகளைச் சுற்றிக் கட்டிய வலையை ஒரே இடத்தில் விட்டால் ஓரிடத்தில் எரு மண்டும், மறு இடம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் நடுச்சாமத்தில் ஆடுகளை எழுப்பி இடம் மாற்றிப் படுக்கவைக்கிறார்கள். எழுந்ததும் ஆடு மூத்திரம் பெய்யும், புழுக்கை போடும். அதுவும் கூலிக்குள் அடக்கம். கிடை முடிந்த நான்கைந்து நாளில் உழுதுவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் சத்தில் பாதி காற்றோடு போய்விடும். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்ற பழமொழி இங்கே இன்னும் வாயில் புழங்குகிறது.

வந்த காரியம் எருவைப் பற்றியது அல்ல, எருவோடு வரும் விதையைப் பற்றியது. பகலெல்லாம் ஆடுகள் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் மேய்கின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை சீமைக்கருவை என்னும் அயல் முள்மரத்தின் நெற்று உதிரும் காலம். இனிப்பான நெற்று என்பதால் ஆடு விடாது. உதிராத மரத்தைத் துறட்டியால் உலுக்கியும் போடுகிறார்கள். கோடையில் பச்சை இல்லாதபோது ஆட்டைக் காப்பாற்றுவது அந்த நெற்றுதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கைப்பிடி புழுக்கையை உடைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். முழு விதை அரிதாகவே சிக்குகிறது. செம்மறி நன்றாக அரைத்துத் தின்னும், அசைபோடும்போது இன்னொரு முறை அரைக்கும். மாட்டுச் சாணியை உடைத்தால் அப்படி இல்லை. வாழைப்பழத் தோல் போல வழுவழுப்பான பழுப்பு விதைகள் கொத்தாக இருக்கும். வயிற்று அமிலம் கெட்டித் தோலை மெலிதாக்கி விடுவதால், மரத்தடியில் விழுந்த விதையைவிடச் சாணியில் கிடந்த விதை சீக்கிரம் முளைக்கும். சுற்றிலும் உரமும் ஈரமும் வேறு.

ஆட்டுப் புழுக்கையிலும் அரிதாகவாவது விதை வருகிறதென்றால், கிடை போட்ட வயலெல்லாம் கருவைக் காடாக வேண்டுமே? ஆகவில்லை. சேறு அடித்து வாரக்கணக்கில் நீர் நிற்கும் வயலில் அந்த முளை பிழைப்பதில்லை. வரப்பிலும் வாய்க்கால் மேட்டிலும்தான் பிழைக்கிறது. சம்பாவுக்கு முன் ஒழுங்காக வரப்பின் ஓரங்களைச் செதுக்கி அண்டை கழிப்பவர் நிலத்தில் செடி இல்லை, ஆள்கூலிக்கு அஞ்சி விட்டவர் வரப்பில் இடுப்பளவு முள் நிற்கிறது. மண்வெட்டியைத் தரைமட்டத்தில் போட்டால் பயனில்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்தில்தான் துளிர் மொட்டுகள் இருக்கின்றன. அரை அடி மண்ணுக்குள் இறங்கி வெட்டினால்தான் செத்தது செத்ததாக இருக்கும்.

ஏப்ரல் 27, உம்பளச்சேரி

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஏறிய டவுன் பஸ் பாதி வழியில் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. நடத்துநர் மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புளியமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். எதிரே நுங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா இருபது ரூபாய்க்கு நான்கு காய் கொடுத்தார். இளசாகப் பார்த்துப் பொறுக்கி, முற்றல் வந்தால் தாமே ஒதுக்கிவிட்டு வேறு வெட்டினார்.

உம்பளச்சேரி மாடு இந்த உவர் மண்ணின் மாடு. குட்டைக் கால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காளைகளுக்குக் கொம்பு தீய்த்து மொட்டையாக விடுவது வழக்கம். அதனால் மொட்டை மாடு என்றும் பெயர். ஆழச் சேற்றில் உழுவதற்குப் பேர்போனது. டிராக்டர் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுக் கால்நடைப் பண்ணை இந்த இனத்தைப் பேணி வருகிறது.

மேய்ச்சல் தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஒரே ஊர், ஒரே மண், ஆனால் முள்வேலிக்கு இருபுறமும் இரண்டு நிலம். இந்தப் பக்கம் வருஷம் முழுக்க யார் வேண்டுமானாலும் மாட்டை ஓட்டலாம். அந்தப் பக்கம் ஒரு தனியார் தரிசு. மழைக்காலத்தில் அடைத்துவைத்து, தை பிறந்த பிறகுதான் மாடு விடுகிறார்கள். இந்தப் பக்கம் அருகம்புல் நகத்தளவு. இடையிடையே மண் பல்லைக் காட்டுகிறது. அந்த வெற்றிடங்களில் கருவைக் கன்று, சாலையோரமாகப் பார்த்தீனியக் களை. அந்தப் பக்கம் அருகு கணுக்கால் வரை நெருக்கமாகப் படர்ந்திருக்கிறது. குனிந்து தேடினாலும் ஒன்றிரண்டு முள்கன்றுகள்தான், அவையும் சோகையாக.

காரணம் மண்ணுக்கு அடியில். புல்லின் வளரும் முனை தரையோடு ஒட்டி இருப்பதால் கடித்தாலும் அது சாகாது. ஆனால் இலையில் பாதிக்குமேல் போனால் வேர் வளர்ச்சி தடைப்படும். முக்கால் பங்குக்குமேல் போனால் வேர் நின்றே விடும். வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் மறுபடி இலைவிடும். அந்த இலையையும் மறுவாரமே கடித்தால் வேர் குறுகிக்கொண்டே போகும். வேர் விலகிய இடத்தில் ஈரம் மிஞ்சும், புல் விலகிய இடத்தில் வெளிச்சம் விழும். களை விதைக்கு வேறென்ன வேண்டும்?

இதில் மாட்டின் நாக்கும் கட்சி சேர்கிறது. பார்த்தீனியத்தை மாடு தொடாது. கசப்பு மட்டுமல்ல, நஞ்சு. வேறு வழியின்றித் தின்றால் பாலும் கசக்கும். சீமைக்கருவையின் இலையையும் தொடாது, நெற்றை மட்டும் தின்னும். வாய்க்கால் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒதுக்கும். பஞ்சத்தில் தின்று பழகிய ஆடு நரம்புக் கோளாறில் தள்ளாடிச் சாகும். ஆக, மாடு கடிக்கும் ஒவ்வொரு வாயும் புல்லின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அதற்காக மேய்ச்சலையே நிறுத்துவது தீர்வு என்று சொல்பவர்களோடு உடன்பட முடியவில்லை. ஊர்க்காரர் ஒருவர் காட்டிய மூன்றாவது துண்டு பல வருஷமாக மாடே படாதது. கொழுக்கட்டைப் புல் தூர்கள் நடுவில் காய்ந்து, விளிம்பில் மட்டும் பச்சை. பழைய தாள் மூடியதால் புதுக் கிளைப்புக்கு வெளிச்சம் இல்லை. அந்த செத்த தூர்களுக்கு இடையில் கருவை தலையெடுத்துவிட்டது. அளவாகக் கடிபட்டால்தான் புல் தூர் கட்டும்.

ஊர் மேய்ச்சல் தரைக்குச் செய்யக்கூடியது இதுதான். நிலத்தை நான்காகப் பிரித்து, அருகு ஒரு சாண் உயரம் வந்த துண்டில் மாட்டை விட வேண்டும். நான்கு விரல் உயரம் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு துண்டுக்கு ஒரு வாரம் மேய்ச்சல், மூன்று வாரம் ஓய்வு. கோடையில் புல் எழும் வேகம் குறைவதால் ஓய்வு ஆறு முதல் எட்டு வாரம். கெடுவது எங்கே என்றால் காலண்டரைப் பார்த்து மாட்டை மாற்றுவதில்தான். வாரம் முடிந்துவிட்டது என்று ஓட்டக் கூடாது. புல் உயர்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்து ஓட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புல் விதை கட்டும்போது ஏதாவது ஒரு துண்டாவது வருஷந்தோறும் முழுசாக ஓய்வில் இருக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க நான்கு குச்சியும் ஒரு சணல் கயிறும் போதும். ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி, அதற்குள் புல் எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு, முள்கன்று எத்தனை என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்த தையில் அதே இடத்தில் அதே சதுரம். புல்லின் உயரத்தைவிட வெறும் மண் குறைந்ததா என்பதுதான் முக்கியம்.

ஏப்ரல் 28, வேதாரண்யம்

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாளைக்கு விசைப்படகு போகாது. மெஸ்ஸில் “கடல் மீனு இல்ல சார், மடவை இருக்கு” என்றார் பரிமாறியவர். முத்துப்பேட்டை காயலில் நாட்டுப்படகில் பிடித்தது. குழம்போடு சாப்பாடு நூற்றிருபது ரூபாய். கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். புளி தூக்கல், கொழுப்பான மீனுக்கு அதுதான் சரி. இரவெல்லாம் மின்வெட்டு. லாட்ஜ் பையன் மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தான்.

இந்த மணற்பாங்கில் மா, முல்லை, புகையிலை மூன்றும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் சிலவற்றை மறுபடி நடாமல் விட்டிருக்கிறார்கள், அவற்றில் இப்போது கருவை. அப்படி ஒரு மூன்று ஏக்கரை ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் செய்த விவசாயியின் நிலத்தைப் பார்த்தோம். மணிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் வாடகை, வேரோடு பறித்தாயிற்று. செலவழித்தது போன கோடையில். மழைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முட்டி உயரத்தில் கருவைக் கன்றுகள் நாற்றங்கால் மாதிரி. கெட்டித் தோல் விதை மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கும். யந்திரம் மண்ணைப் புரட்டியதும் மொத்தமாக விழித்துக்கொண்டது. பறிப்பது வேலையில் பாதி. காலி மண்ணை அந்த ஐப்பசிக்குள்ளேயே புல்லால் மூடுவதுதான் மறுபாதி.

மூடும் முறை: நீர் தேங்காத மணல் நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை. புதிதாகச் சேகரித்த விதை உறக்கத்தில் இருக்கும்; ஆறு மாதமாவது பழசானால் முளைப்பு நன்றாக வரும். பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும் என்பதால் ஈர மணலோடு பிசைந்து தூவ வேண்டும். மேலாக முள்கிளையை இழுத்து மூடினால் போதும். ஆழம் ஒரு செண்டிமீட்டரைத் தாண்டினால் வராது. பள்ளமான, லேசாக உவர்த்த இடத்தில் கொழுக்கட்டை நிற்காது. அங்கே அருகங்கட்டையை அடிக்கு ஒன்றாக, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றலாம். முதல் வருஷம் பூத்து விதை கொட்டும்வரை வாய் படவே கூடாது. மார்கழி, தையில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாணுக்குக் குறைவான கருவைக் கன்றுகளைக் கையால் உருவலாம். மாசி தாண்டினால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு கடப்பாரைதான். இந்தக் கன்று பிடுங்கலை மூன்று நான்கு வருஷமாவது தொடரவேண்டும் என்று சொன்னதும் அவர் சிரித்தார். ஜே.சி.பி.க்குக் கொடுத்த காசில் பாதியை ஆள்கூலிக்கு வைத்திருக்கலாம் என்று அவருடைய மனைவி உள்ளிருந்து சொன்னார்.

கொழுக்கட்டைப் புல் பற்றி ஒன்று. நமக்குச் சொந்தமான இந்தப் புல்லைத் தீவனத்துக்காகக் கொண்டுபோன ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாப் பாலைவனத்திலும் இன்று அதுவே பெரிய களை. இங்கே கடிக்க வாயும் போட்டிக்கு வேறு புல்லும் இருக்கின்றன. அங்கே அது காட்டுத்தீக்கு எரிபொருளாகிறது.

சாலையோரப் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு இருநூறு கிராம் கல்லுப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடிப்பது பரவலான முறை. ஏற்கெனவே உவர்ந்த மேய்ச்சல் தரையில் அதைச் செய்வது தற்கொலை. பூப்பதற்கு முன், மழை ஈரத்தில், கையுறை போட்டுப் பிடுங்குவதே அங்கே வழி. வெறுங்கையால் பிடுங்கினால் அரிப்பு, தோல் தடிப்பு. பூத்த பிறகு பிடுங்கிக் குவித்தால் விதை அங்கேயே முதிர்ந்து கொட்டும்.

ஏப்ரல் 29, கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். உள்ளே கடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துப் போனது மதியத்துக்குள் தீர்ந்தது. கூடவந்த வேட்டைத் தடுப்புக் காவலர் பேச்சையே கிசுகிசுப்பாக வைத்திருந்தார். மான் பார்க்கும் இடம் வந்ததும் கையால் மட்டும் பேசினார்.

1967இல் சரணாலயமான இடம். 2002இல் சுற்றியுள்ள உப்பு ஈரநிலங்களோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஒருபுறம் உலர் பசுமைக் காடு, மறுபுறம் உப்புச் சதுப்பு, நடுவில் புல்வெளி. அந்தப் புல்வெளியை நம்பித்தான் வெளிமான் இருக்கிறது.

இராமர் பாதம் மேட்டில் ஏறி நின்றால் நிலைமை ஒரே பார்வையில் தெரிகிறது. இந்த மாதத்தில் புல் வைக்கோல் நிறம், கருவை மட்டும் கரும்பச்சை. எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று வரைபடம் போட விரும்புபவர்கள் சித்திரையில் வரவேண்டும். மழைக்காலத்தில் எல்லாம் பச்சை, ஒன்றும் பிரித்தறிய முடியாது.

இங்கே கதை உம்பளச்சேரியைவிடச் சிக்கலானது. புல்லை மேய்ந்து திறந்த வெளியாக வைத்திருக்கும் அதே வெளிமான் கருவை நெற்றையும் தின்கிறது. ஆண் மான் தனக்கென்று ஓர் எல்லை பிடித்து, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். குஜராத்தின் வேலாவதார் புல்வெளியில் செய்து 2013இல் வெளியான ஆய்வு, இந்தப் புழுக்கைக் குவியல்கள் வழியாக மான்களின் எல்லைகளுக்குள்ளேயே கருவை நுழைவதைக் காட்டியது. திறந்த வெளியை விரும்பித் தேர்ந்த இடம் எதுவோ அதே இடத்தில் முள் விதைக்கப்படுகிறது. கோடியக்கரையில் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியினர் வெளிமானையும் கருவையையும் சேர்த்து ஆய்ந்திருக்கிறார்கள்.

மானைவிடப் பெரிய கடத்தல்காரர்கள் மட்டக்குதிரைகள். யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டில் பெருகியவை. குதிரை அசைபோடாது. அதனால் விதை முழுசாகவே வெளியேறும். மாட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு. தரையோடு தரையாக நறுக்கும். ஒரு லத்திக் குவியலைக் குச்சியால் கிளறியபோது பாதி நெற்று நார், மீதி விதை. ஆக ஒரே விலங்கு புல்லை ஒட்ட வெட்டி இடத்தையும் திறக்கிறது, அந்த இடத்தில் விதையையும் போடுகிறது. ஊர் மாடுகளும் உள்ளே வந்து நெற்று தின்றுவிட்டுப் புல்வெளியில் படுக்கின்றன. நெற்று மேய்ந்த கால்நடையைச் சுத்தமான புல்வெளிக்குள் விடுமுன் ஒரு வாரமாவது பட்டியில் அடைத்து, வைக்கோல் போட்டு வயிற்றைக் காலி செய்ய வேண்டும். வளர்ப்பு மாட்டுக்கு இது முடியும். குதிரையை யார் அடைப்பது?

அகற்றும் வேலையில் வரிசைதான் முக்கியம். அடர்ந்த கருவைக் காட்டை முதலில் தாக்குவது வழக்கம். பார்வைக்கு வேலை நடந்த மாதிரி இருக்கும், புகைப்படத்துக்கும் நல்லது. உண்மையில் முதலில் போகவேண்டியவை புல்வெளிக்குள் தனியாக நிற்கும் காய்க்கும் மரங்கள். அவற்றின் நிழலில்தான் மாடும் மானும் மதியம் படுக்கின்றன, எழுந்து போகும்போது விதையைச் சுற்றிலும் இறைக்கின்றன. மாசி, பங்குனியில், நெற்று பழுக்குமுன் அவற்றை எடுத்துவிட வேண்டும். பிறகு விளிம்பு, கடைசியில் அடர்த்தி. அடர்ந்த இடத்தை வெட்டிவிட்டு மறுவருஷம் கன்று பிடுங்கப் பணம் இல்லையென்றால் தொடாமல் இருப்பதே மேல். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து ஒரு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு கிளம்பும், மான் உள்ளே நுழையவே முடியாத புதராகும். திறந்த பகுதியில் ஜே.சி.பி. கூடாது. சக்கரத் தடத்தில் தண்ணீர் நிற்கிறது, அந்தத் தடத்தில் விதை ஒதுங்குகிறது. போன மழையில் ஓடிய வண்டித் தடம் ஒன்றில் கருவைக் கன்றுகள் கயிறு பிடித்து நட்டமாதிரி வரிசையாக நின்றன.

தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதற்கு ஒப்பந்தம் விடலாம், விறகு விற்ற காசு கூட வரும். புல் திரும்பி வரும்வரை காவல் இருக்க என்ன வரும் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

திரும்பும் வழியில் ஒரு முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறியது. காவலர் சட்டைப் பையிலிருந்து ஊக்கு எடுத்து முள்ளின் நுனியையும் விடாமல் எடுத்தார். உடைந்து உள்ளே தங்கினால் வாரக்கணக்கில் சீழ் வைக்குமாம். இந்தக் காட்டுக்கு வருபவர்கள் தடித்த அடியுள்ள ஷூ போட்டு வருவது நல்லது.

ஏப்ரல் 30, அகஸ்தியம்பள்ளி

சாலையில் கூட்டம், கொடி, மாலை. 1930இல் இதே நாளில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம் இது. பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துக்கொண்டு பேச்சு நெற்றில் வந்து நின்றது. நெற்றை மாடு தின்பதற்கு முன் நாமே பொறுக்கிவிட்டால் விதையும் பரவாது, தீவனமும் ஆகுமே என்று கடைக்காரர் கேட்டார்.

ஆகும். மஞ்சளாகிக் கீழே விழுந்த நெற்றை மட்டும் பொறுக்கி, வளைத்தால் டக்கென்று ஒடியும்வரை மூன்று நாலு வெயில் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் சர்க்கரைப் பாகு அரவையில் ஒட்டிக்கொண்டு யந்திரமே நின்றுவிடும். அதனால்தான் மாவு மில்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள். சோளம், புண்ணாக்கு உடைக்கும் சுத்தியல் மில்லில் நடுப்பகல் வெயிலில் சூட்டோடு கொடுத்தால் விதையும் சேர்ந்து நொறுங்கும். நொறுங்காத விதை இருக்கிறதா என்று சலித்துப் பார்ப்பது அவசியம், இல்லையென்றால் உழைப்பே வீண். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கலக்கக் கூடாது. வெறும் நெற்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொண்டு, மெல்ல முடியாமல், நாக்கு தொங்கிப் போகும்.

“அப்ப கிலோ என்ன விலைக்கு எடுப்பாங்க?” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி கேட்டார். இப்போதைக்கு யாரும் எடுப்பதில்லை, சொந்த மாட்டுக்குத்தான் என்றதும், “அப்ப யாரு பொறுக்குவா?” என்று எழுந்துகொண்டார். பஸ்ஸும் அப்போதுதான் கிளம்பியது.